நாற்பது நாள் நேர்ச்சை

நான் படித்தது ஓதும் பள்ளியில். குர்ஆன் ஓதவும், தமிழை அரபு எழுத்தில் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு அது போதும் என்று இருந்த காலம். இந்தத் தமிழ் எழுத்தைப் பிற்பாடு நானாகக் கூட்டிப் பழகினேன். நீட்டி எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம் எனக்கு நிக்காஹ் ஆயிற்று. புதுமடத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான். கடல் தாண்டிப் பிழைக்கப் போவதைச் சபர் என்போம். போனவர் சபராளி. சபராளியின் பெண்டாட்டி என்றால் ஊரில் ஒரு மதிப்பு. வீட்டில் தேயிலை இருக்கும், வாசனை சோப்பு இருக்கும், மாசிக் கருவாடு இருக்கும். ஆள் இருக்க மாட்டார்.

கல்யாணத்துக்கு வந்தவர் இருபத்தைந்தாம் நாள் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து அறுபது நாள் லீவில் வந்தார். பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு நினைத்தபோது வரவும் முடியாது. ஆக, கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நானும் அவரும் ஒரு வீட்டில் இருந்தது எண்பத்தைந்து நாள். அதிலும் என் தீட்டு நாள், விருந்து நாள், அவர் தன் தங்கச்சி வீட்டில் தங்கிய நாள் எல்லாம் சேர்ந்திருக்கிறது.

அந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். ஊர் சொன்னது ஆறு வருஷம்.

என் மாமிக்கு அவர் ஒரே மகன். அவருக்குப் பின் பிறந்த ஒரு மகளும் உண்டு. அவர்தான் என் மதினி, அடுத்த வீடு, நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்தபோது நான் தூக்கப் போனேன். மதினி பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். நானும் கையைக் கீழே போட்டேன்.

கிணற்றடியில் பெண்கள் சொல்வார்கள்.

“கொழும்புக்காரன் பொண்டாட்டி வாரா, வழி விடுங்கடி. பெட்டி பெட்டியா சோப்பு வருது. குளிப்பாட்ட ஒரு புள்ளயக் காணோம்.”

சிரிப்பார்கள். நானும் குடத்தைக் கழுவிக்கொண்டே நிற்பேன். சண்டை போட்டால் இன்னும் நாலு சொல் வரும்.

எனக்கு உம்மா கிடையாது. நான் ஓதும் பள்ளிக்குப் போகும்போதே மவுத்தாகிவிட்டார். வாப்பா வேதாளையில் வேறு கல்யாணம் செய்து வேறு குடும்பமாகிவிட்டார். போ என்றால் போவதற்கு எனக்கு வீடு இல்லை. இதை மாமியும் அறிவார்.

மாமியைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். அவருக்கும் ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தது. மேற்கே, கடற்கரையோரம், வண்டியில் ஒரு நாள் தூரத்தில் ஒரு தர்கா இருக்கிறது. மாமியும் மாமாவும் அங்கே நாற்பது நாள் தங்கி நேர்ச்சை முடித்தார்கள். அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் பிறந்தார். மாமி அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

மாமா, நான் வருமுன்பே மவுத்தானவர், வள்ளத்துக்காரர். விடியுமுன் கடலுக்குப் போய் மத்தியானம் கரைக்கு வந்துவிடுவார். வீட்டோடு இருந்த மனிதர். நாற்பது நாள் போனாலும் அவர்களுக்கு வருஷத்தில் மிச்சம் முந்நூறு நாள் இருந்தது. இது எனக்குத் தோன்றியது. மாமியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் தடவை அவர் லீவில் வருகிறார் என்று கடிதம் வந்த அன்றைக்கு மாமி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இந்தா பாரு புள்ள. இந்த லீவுல ஒண்ணும் ஆகலைன்னா, அடுத்த லீவுல அவனுக்கு வேற நிக்காஹ்தான். எங்க கூடப்பொறந்த காக்கா மக இருக்கா. பேசி வச்சிட்டேன். ஒன்னய விரட்ட மாட்டேன். ஒரு மூலையில கெடந்துக்க.”

“சரி மாமி” என்றேன்.

“சரிங்கிறதுக்கா கூப்பிட்டேன்? நாம மூணு பேரும் தர்காவுக்குப் போறோம். நாப்பது நாளு. நேந்துட்டேன். ஒனக்காகத்தாண்டி நேந்திருக்கேன்.”

“நாப்பது நாளுமா மாமி?”

“பின்ன? பாதி நேர்ச்சைக்குப் பாதிப் புள்ளயா குடுப்பாக?”

அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தங்க வேண்டும். மீன் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. புருஷன் பெண்டாட்டி சேரக் கூடாது. கடைசிச் சட்டத்தை மாமியாகத்தான் சேர்த்து நேர்ந்திருந்தார். சுத்தமாக இருந்தால்தான் கேட்டது கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

என் வீட்டுக்காரர் அறுபது நாள் லீவில் வந்தார். மெலிந்திருந்தார். பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு வெள்ளைத் தாவணியும் ஒரு டப்பா பிஸ்கட்டும் கொடுத்தார். மூன்று நாள் வீடு நிறைய ஆள். நான்காம் நாள் எனக்குத் தீட்டு வந்தது. பத்தாம் நாள் வரை ஒதுங்கினேன். பதினோராம் நாள் முழுகினேன்.

மாமி அதற்காகத்தான் காத்திருந்தார். தீட்டோடு தர்காவுக்குள் போக முடியாது. “முழுகிட்டியா? அல்ஹம்துலில்லாஹ். காலையில வண்டி வருது” என்றார்.

எங்கள் ஊர் மருத்துவச்சி அக்கா ஒரு தடவை எனக்குச் சொல்லியிருந்தார்: முழுகியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளைக்குள்தான் பிள்ளை தங்கும், அதற்குப் பிறகு சேர்ந்து புண்ணியமில்லை என்று. வண்டியில் உட்கார்ந்து விரலை மடக்கினேன். இந்த முழுக்கும் நாற்பதுக்குள் போகிறது. அடுத்த முழுக்கும் நாற்பதுக்குள் போகிறது. தர்காவிலிருந்து வந்தால் மிச்சம் ஒன்பது நாள். அந்த ஒன்பதில் ஒன்றும் இல்லை.

மாமி வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து சலவாத்து ஓதிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். அவர் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பேச முடியவில்லை.

தர்காவில் பெண்கள் பக்கம் ஒரு நீளக் கொட்டகை. என்னைப் போலப் பிள்ளைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். பேய் பிடித்தது என்று கட்டிப்போடப்பட்டவர்களும் இருந்தார்கள். யாருக்குத் தீட்டு என்பது எல்லாருக்கும் தெரியும். தீட்டு வந்தவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே சமையல் பந்தலுக்குப் போய்விட வேண்டும். தொழுகையில் அவள் இடம் காலியாகக் கிடக்கும்.

முதல் நான்கு நாள் துஆ கேட்டேன். எல்லாரும் அழுது கேட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இங்கே வந்து கேட்கிற நாளில் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே மனதில் ஓடியது. அது பாவமான நினைப்பு என்று தெரியும். நின்றபாடில்லை.

ஐந்தாம் நாள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து, கஞ்சி குடித்து, எல்லாரும் வெயிலுக்குக் கண் அயர்ந்துவிட்டார்கள். மாமியும் தூங்கினார். நான் குடத்தோடு கிணற்றுக்குப் போனேன். அவர் அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லை.

“மச்சான்” என்றேன். “பனங்காட்டுப் பக்கம் வாங்க.”

அவருக்குப் புரிந்தது. வாளியைக் கீழே வைத்தார்.

“உம்மா நேந்திருக்காக புள்ள.”

“தெரியும்.”

“பாவம்.”

“ரெண்டு முழுக்கும் இதுக்குள்ளதான் வருது. பெறகு ஒம்பது நாளு இருக்கு. அதுல ஒண்ணும் தங்காது. அடுத்த லீவுக்கு நீங்க வாரப்ப ஒங்க மாமா மக வீட்டுல இருப்பா.”

“நான் அதுக்குச் சம்மதிக்கல.”

“இல்லைன்னும் சொல்லலையே.”

அவர் தலையைத் தொங்கப் போட்டார். அவர் நல்ல மனிதர். தன் உம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் மறுத்துப் பேசியதில்லை. கொழும்பில் நூறு பேரோடு வியாபாரம் பேசுகிறவர்தான்.

“பயமா இருக்கு” என்றார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

அது ஒரு மதியம். ஒரே ஒரு மதியம்.

பிறகு குளிக்காமல் தொழ முடியாது. கிணற்றில் குளித்தால் கேள்வி வரும். கடலில் இறங்கி முழுகினேன். ஒரு கட்டுப் பனை ஓலை பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். மாமி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏண்டி தலையெல்லாம் ஈரம்?”

“வேர்வை தாங்கல மாமி. கடல்ல முழுகுனேன்.”

“உப்புத் தண்ணியிலயா? கிறுக்கச்சி” என்று தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினார்.

அவர் கை தலையில் பட்டபோது எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தர்காவில் இருபதாம் நாள் போயிற்று. இருபத்தைந்தும் போயிற்று. எனக்குத் தீட்டு வரவில்லை. ஒரு வேளைத் தொழுகையும் விடவில்லை. நாற்பதாம் நாள் மாமி எல்லாரிடமும் சொன்னார்: “எம் மருமக நாப்பது நாளும் ஒதுங்கலம்மா. சுத்தமா நின்னா. ஏத்துக்கிட்டாக.” பக்கத்துப் பாய்க்காரிகள் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். ஒன்பது நாள் விருந்தும் வழியனுப்புதலுமாகப் போனது. மண்டபத்தில் அவர் ரயில் ஏறினார். அந்த ரயிலில் வடநாட்டுப் புருஷன் பெண்டாட்டிகள் பிள்ளை வரம் கேட்டு இராமேஸ்வரம் போவார்கள். அவர்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து அவர் தனுஷ்கோடிக் கப்பலுக்குப் போனார்.

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமில்லாமல் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

வாந்தி வந்தது. மாமிக்குத் தெரிந்தது. மாமி என்னைக் குனிய விடவில்லை. தண்ணீர் எடுக்க விடவில்லை. மதினி வீட்டிலிருந்து கடைக்குட்டிப் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் உட்கார வைத்தார். மதினியும் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வருஷத்தில் அந்த ஒரு மாசம்தான் நான் வயிறாரத் தின்றது. அவருக்கு எழுதலாமா என்று கேட்டேன். “மூணு மாசம் முடியட்டும். கண்ணு பட்டுரும்” என்றார் மாமி.

மூன்று மாசம் முடிந்ததும் மருத்துவச்சி அக்காவை அழைத்து வந்தார். மதினியும் வந்து நின்றார். மருத்துவச்சி அக்கா வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். விளையாட்டாகப் பேசுகிற மனுஷி.

“நல்லாத் தங்கியிருக்கு லாத்தா. கடைசியா எப்ப முழுகுனா?”

மாமி சந்தோஷமாகச் சொன்னார். “தர்காவுக்குப் போறதுக்கு மொத நாளு முழுகுனா. பெறகு முழுகவே இல்ல. நாப்பது நாளும் ஒதுங்கலயே.”

மருத்துவச்சி அக்கா விரல் விட்டு எண்ணினார். பிறகு சிரித்தார்.

“அப்ப அங்கனயே புடிச்சிருச்சு! ஏ லாத்தா, நேர்ச்சைன்னு கூட்டிட்டுப் போயி ஒம் மவனுக்குத் தேன்நெலவா நடத்துன?”

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரும் நிறுத்திவிட்டார். வெற்றிலையைத் துப்புகிற சாக்கில் எழுந்து போனார்.

மாமி என்னைப் பார்த்தார்.

“அன்னைக்கு ஈரத் தலையோட வந்தியே” என்றார்.

“ஆமா மாமி.”

“யாருடி?”

“என்ன மாமி கேக்குறிய? ஒங்க மகன்தான்.”

“எம் மகன் நேர்ச்சைய முறிக்க மாட்டான்.”

“முறிச்சாக மாமி. நான்தான் கூப்பிட்டேன்.”

“எம் மகன் முறிக்க மாட்டான்” என்று மறுபடி சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலை.

அதுதான் என் தலைவிதி ஆயிற்று. மாமிக்கு மகன் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு பெரிது. மகன் முறிக்கவில்லை என்றால் பிள்ளை வேறு யாருடையதோ. தர்காவில் ஆண்கள் நிறையப் பேர். கடற்கரை. ஈரத் தலை.

மதினிதான் சொன்னார். “காக்காவுக்கு எழுதிக் கேட்டுருவோம் உம்மா. வெட்ட வெளிச்சமாயிரும்.”

கடிதத்துக்கு எங்களுக்குத் தபால்காரர்தான் கதி. உச்சிப்புளியிலிருந்து சைக்கிளில் வருவார். ஊர் முழுக்க அவரை மாமா என்று கூப்பிடுவோம். வாசலில் நின்றபடி வாசித்துக் காட்டுவார். சொல்வதை எழுதிக் கொடுப்பார். அவரிடம் எதைச் சொல்வது? வீட்டு மானம். மாமி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு இவ்வளவுதான் எழுதச் சொன்னார்: “எல்லாரும் சுகம். நேர்ச்சையை நீ குறைவில்லாமல் முடித்தாயா என்று ஒரு வரி உடனே எழுதவும்.”

வயிற்றில் பிள்ளை இருப்பதை எழுதவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே வந்து சொல்லியிருக்கலாம். அந்நிய ஆண் முன்னால் வந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் உண்மையை எழுதுவார் என்றும் நம்பினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தபால்காரர் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“‘அன்புள்ள உம்மா அவர்களுக்கு. நான் நலம். நேர்ச்சையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அல்லாஹ் உதவியால் நாற்பது நாளும் ஒரு குறைவும் இல்லாமல் முடித்தேன். மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம்.’ அம்புட்டுத்தான் தாயி. நல்ல புள்ள. தாய்க்கு அடங்குன புள்ள.”

அவர் சைக்கிள் போன சத்தம் அடங்குகிற வரை மாமி அப்படியே நின்றார்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. உம்மா மனம் நோகக் கூடாது என்று ஒரு பொய் எழுதினார். பக்கத்தில் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எழுதினார். அந்த ஒரு வரி என்னை என்ன செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மாமி என்னை அடிக்கவில்லை. விரட்டவில்லை. விரட்டினால் ஊருக்குத் தெரியும். என் பாயைப் புறவீட்டு அடுப்படிக்கு மாற்றினார். எனக்குத் தனிச் சட்டி. பேச்சு இல்லை. ஒரு நாள் மட்டும் சொன்னார்: “பொறக்கட்டும். மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும்.”

மதினியின் கடைக்குட்டி என்னைப் பார்த்தால் கையை நீட்டும். அதைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வந்துவிடும்.

நான் என் பங்குக்குக் கடிதம் எழுதினேன். கல்யாணமாகி அவருக்கு நான் எழுதியது அதுதான் முதல் தடவை. தனியாகக் கடிதம் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அரபு எழுத்தில் எழுதினேன். அவருக்கு அது வாசிக்க வரும். தபால்காரர் மாமாவால் அதை வாசிக்க முடியாது. மாமிக்கு ஓத வரும், கூட்டி வாசிக்க வராது.

எழுதியது இவ்வளவுதான்: “எனக்கு ஐந்தாம் மாசம். பனங்காட்டு மதியத்தை நீங்கள் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். இங்கே யாருடைய பிள்ளை என்று என்னைக் கேட்கிறார்கள். உண்மையை எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.”

விலாசத்தைத் தமிழில் எழுத எனக்குத் தெரியாது. கொல்லைக்குப் போகிற பாவனையில் வேலியோரம் நின்று தபால்காரர் மாமாவிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

“இது எனக்குப் புரியாத எழுத்தால்ல இருக்கு” என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையால் விலாசம் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம். பிள்ளை உள்ளே அசைய ஆரம்பித்தது. இராமேஸ்வரம் பக்கமிருந்து ரயில் வருகிற நேரம் எனக்குக் காதில் இருக்கும். கொழும்புத் தபால் அதில்தான் வரும். காற்று வடக்கே இருந்து அடித்தால் சத்தம் எங்கள் ஊர் வரை கேட்கும். கேட்டதும் வேலிப் பக்கம் போய் நிற்பேன். தபால்காரர் மாமா தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். மூன்று வாரம்.

நான்காம் வாரம் ஒரு காலை, மீன் அரிந்துகொண்டிருந்தேன். இடுப்பு வலித்தது. எழுந்தபோது கால் வழியாக ரத்தம் இறங்கியது. “மாமி” என்று கூப்பிட்டேன். பேச்சில்லாமல் இருந்தவர், ஓடி வந்தார். என்னைத் தாங்கிப் பிடித்துப் பாயில் போட்டார். மதினியை மருத்துவச்சி அக்கா வீட்டுக்கு விரட்டினார்.

மருத்துவச்சி அக்கா வந்து பார்த்துவிட்டு ஒரு விளையாட்டும் பேசவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. உருவம் முழுசாக இருந்தது. விரல் இருந்தது. மூச்சு இல்லை.

மருத்துவச்சி அக்கா பிள்ளையை ஒரு துணியில் வைத்து மாமியிடம் நீட்டினார். மாமி வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்த்தார். மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்று சொன்னவர். அவருக்கு என்ன தெரிந்ததோ, சொல்லவில்லை. அந்த முகத்தில் யாருடைய சாடையும் இன்னும் வந்திருக்கவில்லை.

நான்கு மாசம் தாண்டிய பிள்ளை என்பதால் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அடக்க வேண்டும். பள்ளிவாசல் லெப்பை வந்தார். வயதானவர். முற்றத்தில் நின்றார். நான் உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்தேன். எங்கள் ஊரில் இன்னார் மகன் என்று வீட்டுப் பெரியவர் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லித்தான் துஆ கேட்பார்கள்.

“யாரு மகன்னு சொல்லுங்க லாத்தா” என்றார் லெப்பை.

மாமி பேசவில்லை.

லெப்பை காது கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடி கேட்டார். “வழமைக்குத்தான் கேக்கேன். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நீங்க வாயால சொல்லணும்.”

மாமி அப்போதும் பேசவில்லை. முற்றத்தில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தப் பேசாமை ஊர் முழுக்கப் போய்விடும். என் பிள்ளை யாருடைய மகனும் இல்லாமல் மண்ணுக்குள் போய்விடும்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. நானும் அதுவரை என் வாயால் அவர் பேரைச் சொன்னதில்லை. உள்ளே கிடந்தபடியே சொன்னேன். முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அவர் பேரையும் அவர் வாப்பா பேரையும் சேர்த்துச் சொன்னேன். “இன்னாருடைய மகன். அப்படிச் சொல்லி அடக்குங்க” என்றேன்.

லெப்பை “பிஸ்மில்லாஹ்” என்று எழுந்தார். எடுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பேரை நான் சொல்லவில்லை. இதிலும் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. தபால்காரர் மாமா வாசலில் நின்று பிரித்தார். நாலு வரி வாசித்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

“தாயி, இத நான் உள்ள வந்து வாசிக்கட்டுமா?”

“இங்கனயே வாசிங்க மாமா” என்று நான்தான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

வாசித்தார். “‘உம்மா, நேர்ச்சையைப் பற்றி நான் எழுதியது பொய். ஐந்தாம் நாள் நான்தான் முறித்தேன். அவள் மேல் குற்றமில்லை. இதை எழுத நான்கு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பிள்ளை என்னுடையது. என்னை மன்னித்து அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.’”

நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

மாமி கடிதத்தைக் கையில் வாங்கினார். எழுத்துத் தெரியாதவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார். மவுத்து விழுந்த அன்றைக்கு அவர் அழவில்லை.

தபால்காரர் மாமா போன பிறகு என் அருகே வந்தார். தன் பேரனை எந்தக் கையில் வாங்கினாரோ அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அப்ப நேர்ச்சை முறிஞ்சு போனதுனாலதான் புள்ள போச்சு.”

நான் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“நீதான கூப்பிட்ட?”

“ஆமா மாமி.”

“ஒரு புள்ளைக்காக நான் ஒம்பது வருஷம் காத்திருந்தேன். நாப்பது நாளு ஒன்னால இருக்க முடியலயா?”

என் பாயைப் பழைய இடத்தில் கொண்டுவந்து போட்டார். சட்டியும் ஒன்றாயிற்று. கள்ளப் பிள்ளை சுமந்தவள் என்ற சொல் போனது. பிள்ளையைக் கொன்றவள் என்ற சொல் வந்தது. அந்தச் சொல்லை மாமி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், ஏதாவது ஒரு சாக்கில், அரிசி புடைக்கும்போதோ துணி மடிக்கும்போதோ சொல்லுவார். மெதுவாகத்தான் சொல்லுவார்.

எனக்கே சில நாள் அப்படித் தோன்றும். கூப்பிட்டிருக்காவிட்டால் பிள்ளை உண்டாகியிருக்காது. கூப்பிட்டதனால் பிள்ளை தங்கவில்லை. இதில் எங்கே நின்று பார்த்தாலும் நான்தான் நிற்கிறேன்.

விசா கிடைக்காமல் அவருக்கு அடுத்த லீவு நான்கு வருஷம் கழித்துத்தான் வந்தது. வந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தார். மறுநாள் காலை என்னிடம் கேட்டார்.

“எங்கன?”

பள்ளிவாசலுக்குப் பின்னால், அடக்கம் செய்கிற மையவாடி. பெண்கள் உள்ளே போவதில்லை. நான் வேலிக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளே போனார். சின்னக் குழிகளுக்கு மீசான் கல் வைப்பதில்லை. கடலில் எடுத்த சுண்ணாம்புக் கல் ஒன்றைத் தலைமாட்டில் வைப்பார்கள், அவ்வளவுதான். மணல் வேறு மூடிக்கொண்டே இருக்கும். அவர் அங்கே இங்கே குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார்.

“சின்னது ஏழெட்டு கெடக்கு. எதுன்னு தெரியல.”

“எனக்கும் தெரியாது மச்சான்” என்றேன்.

அவர் கைலி முனையால் கண்ணைத் துடைத்தார். நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார்.

வீட்டில் மாமி குளித்துப் புதுச் சேலை கட்டியிருந்தார். மதினி பாய் விரித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் மாமியின் காக்கா, பேசி வைத்த பெண்ணின் வாப்பா, வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெற்றிலைத் தட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நான் அடுப்படிக்குப் போய் விருந்துக்கு அரிசி களைந்தேன்.

அந்த லீவில் அது இரண்டாம் நாள். இன்னும் ஐம்பத்தெட்டு நாள் இருந்தது.